அரசன் சமயமும் வேட்பாளர் சமயமும்



தேர்தல் காலத்தில் ஒரு நாள் மாலை, கல்லூரி மாணவர் ஒருவர் என்னிடம் வந்து ஒரு வினாவை எழுப்பினார். “வாக்குக் கேட்டு நம் வாயிலுக்கு வருகின்றவர் எந்தக் கடவுளை வணங்குகின்றார் என்று நாம் பார்க்கலாமா? பார்த்தால் அது பிழையாகுமா?” என்பது அவர் வினா. பார்க்கலாம் என்றோ பார்க்கலாகாது என்றோ ஒரு சொல்லில் விடை கூறி அவரை அனுப்பியிருக்கலாம். ஆயினும் வரலாறு படிக்கின்ற மாணவருக்கு அது போதிய விடையன்று. எனவே, “கடலூரிலிருந்து சிதம்பரம் வரை என்னோடு வருவீராயின் விடை கிடைக்கும்” என்றேன். ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவுள்ள அந்த வழி, ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு வரலாற்றினூடே செல்லும் வழியாகும். அவரிடம் அன்று கூறியவற்றையே இன்று உங்களிடமும் கூற விரும்புகின்றேன்.

கடலூரின் ஒரு பகுதியாக இன்று விளங்கும் திருப்பாதிரிப்புலியூரில் நம் பயணத்தைத் தொடங்குவோம். பண்டை நாளில் இவ்வூருக்குப் பாடலிபுத்திரம் என்றும் பாடலிகை என்றும் பெயர்கள் வழங்கின. இங்கே புகழ்மிக்க சமணப் பள்ளி ஒன்று இருந்தது. கி.பி. 458இல், காஞ்சி வேந்தன் சிம்மவர்மனின் இருபத்திரண்டாம் ஆட்சியாண்டில், சர்வநந்தி என்னும் முனிவர் ‘உலோகவிபாகம்’ என்ற நூலை இங்கிருந்தே எழுதி முடித்தார். உலகின் அமைப்பைப் பற்றிச் சமணர் கொண்ட கருத்துகளைக் கூறும் நூல் அது. பல்லவ மன்னர்களின் காலத்தைக் கணிப்பதற்கும் அந்நூலின் குறிப்பு வரலாற்றாசிரியருக்குப் பெருந்துணை புரிந்துள்ளது.

சர்வநந்திக்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் அதே பள்ளியில் தருமசேனர் என்னும் பெயருடன் விளங்கியவர், பின்னாளில் நாம் திருநாவுக்கரசர் என்று போற்றுகின்ற பெரியார். பண்ணுருட்டிக்கு அருகிலுள்ள திருவாமூரிற் பிறந்த அவர், சூலை நோய்க்கு ஆளாகித் தமக்கையார் திலகவதியாரிடம் திரும்பி வந்து, திருவதிகையிற் சைவரானார் எனப் பெரியபுராணம் கூறுகின்றது. ஒருவர் சமயம் மாறியது அவருடைய சொந்தச் செயல். எனினும் பல்லவ மன்னன் அதனைத் தன் அரசுக்கு எதிரான குற்றமாகவே கருதினான் என்பது புராணச் செய்தி. நீற்றறையில் இட்டதும், யானையை ஏவியதும், கல்லோடு பிணித்துக் கடலில் எறிந்ததும் நீங்கள் அறிந்த கதைகளே. நாவுக்கரசர் கரையேறிய இடம் என்று கரையேறவிட்டகுப்பம் என்னும் ஊரை இன்றும் கடலூர் மக்கள் காட்டுவர்.

கதை அத்துடன் முடியவில்லை. அதே மன்னன் பின்னர்ச் சைவனாகிப் பாடலியிலிருந்த சமணப் பள்ளிகளை இடித்து, அவற்றின் கற்களைக் கொண்டு திருவதிகையில் குணதரவீச்சரம் என்னும் கோயிலை எழுப்பினான் என்றும் சேக்கிழார் பாடுகின்றார். இம்மன்னன் முதலாம் மகேந்திரவர்மனே என்பது அறிஞர் பலர் கருத்து. குணபரன் என்பது அவன் பட்டப்பெயர்களுள் ஒன்று. வேற்று நெறியினின்று அவன் இலிங்க வழிபாட்டிற்குத் திரும்பினான் என்று பொருள்படும் குறிப்பு அவனுடைய திருச்சிராப்பள்ளிக் கல்வெட்டிலும் காணப்படுகின்றது. புராணம் கூறுவன எல்லாம் கூறியவாறே நிகழ்ந்தன என்று வரலாற்று மாணவர் கொள்ள வேண்டுவதில்லை. சேக்கிழார் மகேந்திரனுக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் வாழ்ந்தவர். ஆயினும் அக்கதையின் அடியில் கிடக்கும் உண்மை தெளிவானது. அரசன் ஒரு சமயத்தில் இருந்தபோது மற்றொரு சமயத்தவர் துன்புற்றனர். அவன் மாறியபோது துன்பமும் இடம் மாறியது. குடிகள் எதனையும் தேர்ந்தெடுக்கவில்லை. ஒருவன் உள்ளத்தில் நிகழ்ந்த மாற்றம் ஊரார் அனைவரின் ஊழாக வந்து சேர்ந்தது.

இனிச் சிதம்பரத்திற்குச் செல்வோம். தில்லைத் திருக்கோயிலுக்குள் நடராசர் சந்நிதியும் கோவிந்தராசர் சந்நிதியும் அருகருகே இருக்கின்றன. ஓரிடத்தில் நின்றே இரு தெய்வங்களையும் வணங்கலாம். அக்காட்சியைக் கண்டு மகிழாதவர் இலர். ஆனால் அந்த அமைதிக்குப் பின்னே அமைதியற்ற நூற்றாண்டுகள் சில உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்க சோழன் கோவிந்தராசரின் திருவுருவை அகற்றிக் கடலில் இடச் செய்தான் என்பதனை அவன் அவைப்புலவர் ஒட்டக்கூத்தரின் பாடல்களிலிருந்தே அறிகின்றோம். புலவர் அதனைக் குறையாகக் கூறவில்லை, புகழாகவே பாடினார். பின்னர் விசயநகரப் பேரரசர் அச்சுததேவராயர் 1539இல் கோவிந்தராசரை மீண்டும் எழுந்தருளச் செய்தார். முன்னவர் சிவநெறியில் ஆழ்ந்தவர். பின்னவர் திருமால் அடியார். ஒருவர் அகற்றியதை மற்றவர் நிறுவினார்.

இவற்றினும் துயரமான நிகழ்ச்சி ஒன்று பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் நடந்தது. அக்காலத்தில் இப்பகுதி செஞ்சி நாயக்கர் ஆட்சியில் இருந்தது. வைணவராகிய கிருஷ்ணப்ப நாயக்கர் கோவிந்தராசர் சந்நிதியைப் பெரிதாக்க முற்பட்டார். தில்லைக் கோயிலின் அருச்சகர்கள் அதனை எதிர்த்தனர். பணி தொடங்கினால் கோபுரத்தினின்று வீழ்ந்து உயிர் துறப்போம் என்றனர். நாயக்கர் பணியை நிறுத்தவில்லை. அருச்சகர் ஒருவர் பின் ஒருவராகக் கோபுரத்தின் மீதேறி வீழ்ந்து மாண்டனர். 1597இல் சிதம்பரத்திற்கு வந்திருந்த பிமெண்டா என்னும் ஏசு சபைப் பாதிரியார் இதனைத் தம் கடிதத்தில் எழுதி வைத்துள்ளார். இருபது பேர் இவ்வாறு உயிர் துறந்தனர் என்பது அவர் தரும் செய்தி. மாண்டவரும் பத்தரே, மாளவிட்டவரும் பத்தரே. இருவர் நம்பிக்கையும் பொய்யன்று. ஆனால் ஒரு பக்கத்து நம்பிக்கையின் கையில் ஆட்சி இருந்தது. அதுவே இருபது உயிர்களைக் கொண்டது.

கடல் கடந்து வந்தவர்களும் இவ்வகையில் நமக்கு இளைத்தவர் அல்லர். கடலூரில் புனித டேவிட் கோட்டையை ஆங்கிலக் கம்பெனியார் 1690இல் மராட்டியரிடமிருந்து விலைக்குப் பெற்றனர். அன்றைய இங்கிலாந்தில் கத்தோலிக்கர் அரசுப் பதவி எதனையும் வகிக்க இயலாதவாறு 1673ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுத்திருந்தது. அந்த ஐயப்பாடு கப்பலேறிக் கடலூருக்கும் வந்தது. பிரெஞ்சுக்காரரோடு நடந்த போருக்குப் பின், கத்தோலிக்கக் குருமார் பகைவர்க்கு உதவினர் எனக் கருதிய கம்பெனியார், 1749இல் இங்கிருந்த கத்தோலிக்கத் தேவாலயத்தைப் பறித்துக் கீர்நாந்தர் என்னும் புரொட்டஸ்டண்டு ஊழியரிடம் ஒப்படைத்தனர். ஒன்பதாண்டு கழித்து, 1758இல் பிரெஞ்சுக்காரர் கடலூரைப் பிடித்ததும் கீர்நாந்தர் வங்காளத்திற்குச் செல்ல நேர்ந்தது. அரசு மாறினால் ஆலயமும் கைமாறும் என்ற பழைய விதி அன்றும் மாறவில்லை.

இதுவரை கூறியவை எல்லாம் மக்கள் வாக்கு அறியாத காலத்துச் செய்திகள். வாக்குரிமை வந்த பின் என்ன நேர்ந்தது? அதனை இனிக் காண்போம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சட்டசபைகளுக்குத் தேர்தல் முறை சிறிது சிறிதாகப் புகுத்தப்பட்டது. 1909ஆம் ஆண்டுச் சட்டம் முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் தொகுதிகளை வகுத்தது. 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சென்னைச் சட்டசபையில் 98 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களுள் 13 இடங்கள் முஸ்லிம் தொகுதிகளுக்கும், 5 இடங்கள் இந்தியக் கிறிஸ்தவர் தொகுதிகளுக்கும் உரியன. அதாவது, பரங்கிப்பேட்டையில் வாழ்ந்த முஸ்லிம் வாக்காளர் ஒருவர் முஸ்லிம் வேட்பாளருக்கே வாக்களிக்க இயலும். அவர் அண்டை வீட்டு இந்துவோ முஸ்லிம் வேட்பாளருக்கு வாக்களிக்க இயலாது. சிறுபான்மையோர் குரல் சட்டசபையில் ஒலிக்க வேண்டும் என்ற நோக்கம் நியாயமானதே. ஆயினும் இம்முறையில் வேட்பாளரின் சமயம் அவரைச் சுற்றி எழுப்பிய வேலியாயிற்று. வேறு சமயத்தவரின் நம்பிக்கையைப் பெற வேண்டிய தேவையே அவருக்கு இல்லாமற் போயிற்று.

தாழ்த்தப்பட்ட மக்களுக்கும் இத்தகைய தனித் தொகுதி வழங்க 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு முடிவு செய்தது. அதனை எதிர்த்துக் காந்தியடிகள் உண்ணா நோன்பு மேற்கொண்டதும், அம்பேத்கரோடு செய்த பூனா ஒப்பந்தத்தின்படி தனித் தொகுதிக்கு மாறாகக் கூட்டுத் தொகுதியில் இட ஒதுக்கீடு ஏற்பட்டதும் நீங்கள் பாடத்தில் படித்தவை. அம்முறை விடுதலைக்குப் பின் சிதம்பரத்தில் எவ்வாறு செயற்பட்டது என்பதை அறிய ஒரு பெரியாரின் வாழ்க்கையைக் காண வேண்டும். அவரே சுவாமி சகஜானந்தர்.

ஆரணிக்கு அருகிலுள்ள மேல்புதுப்பாக்கத்தில் 1890 சனவரி 27ஆம் நாள் ஓர் ஆதிதிராவிடக் குடும்பத்திற் பிறந்தவர் முனுசாமி. இளமையில் மிஷன் பள்ளியிற் பயின்றார். கிறிஸ்தவராகுமாறு வந்த அழைப்பை அவர் ஏற்கவில்லை. சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளை அடைந்து, வேதாந்தமும் தமிழும் கற்றுத் துறவு பூண்டு, சகஜானந்தர் என்னும் பெயர் பெற்றார். 1910ஆம் ஆண்டளவில் சிதம்பரம் வந்தார். எந்தத் தில்லையில் நுழைய நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று நந்தனார் ஏங்கினாரோ அந்தத் தில்லையையே தம் பணிக்களமாக அவர் தேர்ந்தார். 1916இல் நந்தனார் பெயரால் ஒரு பள்ளியைத் தொடங்கினார். கோயிற் கதவு அடைத்திருந்தது. பள்ளிக் கதவைத் தாம் திறந்தார்.

தென்னார்க்காட்டுச் சேரிகளிலிருந்து பிள்ளைகள் வந்தனர். அவர்களுக்கு உணவும் உறைவிடமும் கல்வியும் வேண்டும். அதற்குப் பொருள் வேண்டும். சுவாமிகள் ஊர் ஊராகச் சென்று பொருள் திரட்டினார். 1927இல் சிதம்பரம் வந்த காந்தியடிகள், தன்னையே வருத்திக்கொண்டு தடைகளைத் தகர்த்தவர் எனும் கருத்தில் நந்தனாரைப் போற்றிப் பேசினார். அதற்கு முன்னரே, 1926இல், சுவாமிகள் சென்னைச் சட்டசபை உறுப்பினர் ஆகியிருந்தார். காவியுடையோடு சட்டசபைக்குச் சென்ற அவர் அங்கே கேட்டவை கல்விச் சலுகை, மாணவர் விடுதி, குடியிருப்பு மனை, சாலையிலும் கிணற்றிலும் சம உரிமை ஆகியன.

விடுதலைக்குப் பின் நடந்த 1952, 1957 ஆகிய இரு பொதுத் தேர்தல்களிலும் அவர் காங்கிரசு வேட்பாளராகச் சிதம்பரம் தொகுதியில் நின்று வென்றார். அக்காலத்தில் சிதம்பரம் இரட்டை உறுப்பினர் தொகுதி. ஓரிடம் பொது, மற்றோரிடம் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கியது. ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்குகள் உண்டு. இத்தகைய இரட்டைத் தொகுதிகள் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கின. மாணவர்கள் இங்கே ஒன்றைக் கருத வேண்டும். சேரியில் வாழ்ந்தவரிடம் மட்டுமன்றி, நான்கு வீதிகளிலும் வாழ்ந்தவரிடமும் சுவாமிகள் வாக்குக் கேட்க வேண்டியிருந்தது. முன்னோர் எந்தச் சாதியாரைக் கோயில் வாயிலுக்கு வெளியே நிறுத்தினரோ அச்சாதியிற் பிறந்த துறவியின் பெயர், அவ்வூரார் எல்லார் கையிலும் இருந்த வாக்குச் சீட்டுக்கு உரியதாயிற்று. 1959 மே முதல் நாள் மறையும்வரை அவர் சட்டமன்ற உறுப்பினராக இருந்தார்.

சுவாமிகளின் சமய நம்பிக்கை மறைவானதன்று. அவர் அணிந்த ஆடையே அதனை அறிவித்தது. தாழ்த்தப்பட்டோர் இந்து சமயத்தை விட்டு நீங்க வேண்டும் என்ற அம்பேத்கரின் கருத்தை அவர் ஏற்கவில்லை. சமயத்தின் உள்ளிருந்தே உரிமை பெற வேண்டும் என்பது அவர் கொள்கை. இதனை ஒப்பாதாரும் இருந்தனர். தீயில் மூழ்கிய பின்னரே கோயிலுக்குள் புகுந்த நந்தனாரை முன்மாதிரியாகக் கொள்ளுதல் தகுமா, நுழைய உரிமையுள்ளவன் ஏன் தீயிற் புக வேண்டும் என்று அவர்கள் வினவினர். அவ்வினா வலிமையுடையது, எளிதில் தள்ளத் தக்கதன்று. ஆயினும் சுவாமிகளின் நம்பிக்கையை ஏற்றவரும் மறுத்தவரும் ஒன்றில் ஒன்றுபடலாம். அவர் நம்பிக்கை அவர் கையில் பள்ளிக்கூடமாக மாறியது. அதில் படிக்க வந்த பிள்ளைகளே அதற்குச் சான்று.

அதே தென்னார்க்காட்டில் காட்டுமன்னார்கோயில் பகுதியிலிருந்து எழுந்த மற்றொரு தலைவர் இளையபெருமாள். 1952இலும் 1957இலும் நாடாளுமன்றத்திற்குச் சென்றவர். தீண்டாமை பற்றி ஆராய இந்திய அரசு 1965இல் அமைத்த குழுவுக்கு அவரே தலைவர். 1969இல் வெளிவந்த அக்குழுவின் அறிக்கை, கோயில்களில் பரம்பரை அருச்சகர் முறை நீங்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. சுவாமிகள் துறவியாகப் பேசினார். இளையபெருமாள் குடிமகனாகச் சான்றுகளைத் திரட்டிப் பேசினார். வழி வேறாயினும் இருவரையும் தேர்ந்தெடுத்தவர் ஏறக்குறைய ஒரே பகுதி மக்களே.

இனி நம் அரசியலமைப்பு இதுபற்றிக் கூறுவதைக் காண்போம். சமயத்தைக் காரணமாகக் கொண்டு ஒருவரை வாக்காளர் பட்டியலிலிருந்து விலக்கவோ, சமயத்திற்கென்று தனிப் பட்டியல் வகுக்கவோ கூடாது என்பது 325ஆம் பிரிவு. உறுப்பினர் பதவியேற்கும்போது கடவுள் பெயரால் ஆணையிடலாம். அன்றி உளமார உறுதி கூறலாம். இது சிறு செய்தி போலத் தோன்றும். இங்கிலாந்தில் பிராட்லா என்னும் நாத்திகர் 1880இல் நார்த்தாம்ப்டன் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டும், உறுதிமொழி பற்றிய வழக்கால் 1886 வரை முறையாக இடம்பெற இயலவில்லை. மக்கள் மீண்டும் மீண்டும் அவரையே தேர்ந்தெடுத்தனர். அங்கே அத்துணைப் போராட்டத்திற்குப் பின் கிடைத்த உரிமை இங்கே அரசியலமைப்பிலேயே அமைந்தது. 1967இல் அண்ணா தலைமையில் பதவியேற்ற தமிழக அமைச்சர்கள் உளமார உறுதி கூறியே பொறுப்பேற்றனர்.

வேட்பாளர் தம் சமயத்தையோ, வாக்காளர் சமயத்தையோ காட்டி வாக்குக் கேட்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆம் பிரிவின்படி முறைகேடாகும். அது மெய்ப்பிக்கப்பட்டால் வெற்றி செல்லாது. வாக்காளர் சமயமும் இதில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றத்தின் எழுவர் ஆயம் 2017 சனவரியில் தீர்ப்பளித்தது. நால்வர் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாகப் பிரிந்த தீர்ப்பு அது. சமயத்தின் பெயரால் இழிவுபடுத்தப்பட்ட மக்கள் தம் குறையை எடுத்துக் கூறுவதையும் இது தடுத்துவிடக் கூடாதே என்பது அந்த மூவரின் கவலை. சுவாமி சகஜானந்தரை நினைப்பவர்க்கு அக்கவலையின் பொருள் நன்கு விளங்கும்.

சட்டம் வேட்பாளரின் சமயத்தை இன்னும் கேட்கும் இடம் ஒன்று உண்டு. 1950ஆம் ஆண்டு ஆணையின்படி இந்துக்களும், 1956 முதல் சீக்கியரும், 1990 முதல் பௌத்தரும் மட்டுமே தாழ்த்தப்பட்டோர் பட்டியலுக்கு உரியர். எனவே கிறிஸ்தவரான ஓர் ஆதிதிராவிடர் ஒதுக்கப்பட்ட தொகுதியில் நிற்க இயலாது. சமயம் மாறினாலும் சேரி மாறவில்லையே என்பது அவர்கள் முறையீடு. அதன் நியாயத்தை மாணவர்கள் ஆராய்ந்து பார்க்க வேண்டும். நம் நூற்றாண்டிலும் இந்த வினா முற்றுப் பெறவில்லை.

நண்பர்களே, அந்த மாணவருக்கு நான் கூறிய விடைக்கு இப்போது வருகின்றேன். பாடலியிலும் தில்லையிலும் ஆள்பவனின் சமயத்தைக் குடிகள் அஞ்சி அறிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவர்கள் உயிரும் ஆலயமும் அதனைச் சார்ந்திருந்தன. அந்த அச்சத்தை நீக்குவதற்காகவே வாக்குரிமையும் அரசியலமைப்பும் வந்தன. ஆகவே வேட்பாளர் எந்தக் கடவுளை வணங்குகின்றார், அன்றி வணங்காதிருக்கின்றார் என்பது அவர் உரிமை. ஆனால் அந்நம்பிக்கையை உடையவர், அதனை ஏற்காதவரை எவ்வாறு நடத்துவார் என்று கேட்பது நம் உரிமை. வேறு கோயிலுக்குச் செல்பவர் வீட்டுப் பிள்ளைக்கும் பள்ளி கட்டுவாரா? தம் சமயத்தார் தவறு செய்யும்போது வாய் திறப்பாரா? இவ்விரண்டு வினாக்களுக்கும் விடை அவர் நெற்றியில் இராது. அவர் செய்து முடித்த செயல்களில் இருக்கும்.

நீங்கள் சிதம்பரம் செல்லும்போது கோபுரங்களைக் கண்டு மகிழுங்கள். அக்கோபுரத்தினின்று வீழ்ந்த இருபது பேரையும் நினையுங்கள். பிறகு சற்று நடந்து சென்று, நந்தனார் பெயரால் இன்றும் விளங்கும் பள்ளியையும் காணுங்கள். சமயமும் அரசியலும் சேர்ந்த இரு வகை வரலாறுகளை ஒரே ஊரில் ஒரே நாளில் கண்டு திரும்புவீர்கள். எவ்வகை நாட்டில் தொடர வேண்டும் என்பதை, வாக்குச் சாவடிக்குள் தனியே நிற்கும்போது நீங்களே முடிவு செய்யலாம்.